மறு: சைட்டோகைனினுக்குத் தமிழ்ல என்ன? பகுப்பூக்கியா, தளிர்ப்பியா

> செல் பகுப்பைத் தூண்டுறதால 'பகுப்பூக்கி'ன்னே வச்சிடலாம்.

ஐயா வணக்கம், இதுல மட்டும் எனக்கு மனசு ஒப்பல. சைட்டோகைனின்ங்கிறது செடியில இருக்கிற ஒரு ஹார்மோன், அதுக்குப் பேரு வந்த கதையைப் பாத்தா உங்க பக்கம் நியாயம் இருக்கு, 1955ல விஸ்கான்சின்ல ஸ்கூக், மில்லர் குழு ஹெர்ரிங் மீன் விந்தோட டிஎன்ஏவ ஆட்டோகிளேவ்ல வேகவச்சு கைனெட்டின்ங்கிற சைட்டோகைனினைப் பிரிச்செடுத்தாங்க, அதைச் சேத்ததும் புகையிலைத் தண்டுத் திசுவோட செல்லுங்க பிரிய ஆரம்பிச்சுது, செல் பகுப்பைக் குறிக்கிற பேரும் அப்படியே ஒட்டிக்கிச்சு. (அதுக்கு முன்னாடியே 1941ல வான் ஓவர்பீக் குழு ஊமத்தைக் கருவை வளக்க ஊத்தினது நம்ம இளநீர்தான், அதுலயும் சைட்டோகைனின் இருக்கு!)

ஆனா ஆக்சின்ங்கிற இன்னொரு செடி ஹார்மோன் கூட இல்லன்னா அந்தத் திசுவுல செல் பிரியாது. இன்னொண்ணு, செல் டிஎன்ஏவ நகலெடுக்கப் போறதுக்கு சைக்ளின் டி3ன்னு ஒரு புரதம் கூடணும், அதைக் கூட்டுறது சைட்டோகைனின் மட்டும் இல்ல, சர்க்கரையும்தான். அப்போ சர்க்கரையும் பகுப்பூக்கியா? வேர் நுனிக்குப் போனா கதையே தலைகீழ், அங்க இது வேர் வளர்ச்சியை மட்டுப்படுத்துது. யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன 'கலப்பிரிவூக்கி'க்கும் (கலம்னா செல்) இதே சிக்கல்தான்.

நான் வாழை திசு வளர்ப்பு லேப்ல இருந்தவன். பிஏபிங்கிற செயற்கை சைட்டோகைனின் பொடி வெறும் தண்ணில லேசுல கரையாது, சோடியம் ஹைட்ராக்சைடு ரெண்டு சொட்டு விட்டு பீக்கரை சுத்தணும். அதைக் கலந்த மீடியாவுல, அதாவது திசு வளர்ற ஊட்டக் கூழ்ல, வச்ச ஒரே ஒரு குருத்து சில வாரத்துல கொத்து கொத்தா தளிர் விட்டு பாட்டிலை அடைச்சுக்கும், அதையே ஆக்சின் மீடியாவுக்கு மாத்தினா வேர் விடும். அங்க வேலை பாத்த அக்காமாருங்க இதை 'தளிர் மருந்து'ன்னுதான் சொல்லுவாங்க, அதான் நான் 'தளிர்ப்பி'ங்கிறேன்.

கூட்டுச்சொல்லுக்கும் தோதா இருக்கு. செடி இதை உண்டாக்குறது எவ்வளவு முக்கியமோ உடைக்கிறதும் அவ்வளவு முக்கியம், அந்த நொதியை 'தளிர்ப்பிச் சிதைநொதி'ன்னு சொல்லலாம், 'பகுப்பூக்கிச் சிதைநொதி'ன்னு நாலு தடவை சொல்லிப் பாருங்க, நாக்கு சுளுக்கிக்கும். நெல்லுல இந்த நொதியோட ஒரு மரபணு மந்தமா இருந்தா கதிர் உருவாகுற இடத்துல சைட்டோகைனின் சேந்து மணி கூடுதலா பிடிக்குதுன்னு 2005லயே காட்டிட்டாங்க.

நெல்மணிக்கும் தளிருக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. அங்க கொஞ்சம் இடிக்குதுதான், ஒத்துக்கறேன்.