பள்ளிப்பட்டு எல்லையில் ஈராசிரியர் பள்ளி: ஐந்து வகுப்பை எப்படி ஓட்டுவது?

புதுப்பணி (கேள்வி)

வணக்கம். பள்ளிப்பட்டு ஒன்றியத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர் பணி. தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டே பேர். 1 முதல் 5 வரை 31 பிள்ளைகள். தமிழ்வழிப் பள்ளிதான், ஆனால் முக்கால்வாசி வீடுகளில் தெலுங்கு. ஒன்றாம் வகுப்புக்கு வந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நான் பேசுவதே புரிவதில்லை. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் என் தலையில். ஒரு நாளின் நேரத்தை எப்படிப் பிரிப்பது, தெலுங்குப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தை எங்கே தொடங்குவது, பதிவேடுகளில் எங்கே இடறும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். மழைக்காலத்தில் போக்குவரத்து எப்படி என்பதையும்.

சுண்ணக்கட்டி

சார், முதலில் வகுப்பு என்ற கணக்கை விட்டுவிடுங்கள். அடிப்படை எழுத்து, கணக்குக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபிறகு, பிள்ளை கற்றிருக்கும் அளவைப் பொறுத்து அரும்பு (தொடக்கம்), மொட்டு (நடு), மலர் (மேல்) என்ற நிலைதான் உங்களுக்கு வகுப்பு. 1 முதல் 3 வரை ஒரே அறையில் உட்காரட்டும். 40 நிமிடப் பாடவேளையில் முதல் 10 நிமிடம் எல்லாருக்கும் பொதுவாகப் பாட்டு அல்லது கதை. அடுத்த 15 நிமிடம் நீங்கள் அரும்புப் பிள்ளைகளோடு தரையில். அந்த நேரம் மொட்டு பயிற்சி நூலில் எழுதும், மலர் இரண்டிரண்டு பேராகப் படிக்கும். கடைசி 15 நிமிடம் மொட்டுக்கும் மலருக்கும் உங்கள் முகம் தெரிய வேண்டும். அரும்பு கரும்பலகைக்குப் போகட்டும்.

இது எங்கே கெடும் என்றால் மலரில்தான். "பார்த்து எழுது" என்று கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு அறையையே கலக்கிவிடுவார்கள். தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வேலையாகக் கொடுங்கள்: முன்பக்கம் கணக்கும் பின்பக்கம் விடையும் உள்ள அட்டைகள், படித்த பத்தியிலிருந்து ஐந்து கேள்வி தயாரித்துப் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்பது, இப்படி. பழைய காலண்டர் அட்டையை நான்காக வெட்டினால் போதும். காசு கொடுத்து வாங்காதீர்கள்.

சுவரின் கீழ்மட்டக் கரும்பலகை இருந்தால் அதுதான் பொக்கிஷம். இரண்டு அடிக்கு ஒரு செங்குத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கு மேலும் ஒரு பிள்ளையின் பெயரை எழுதுங்கள். அறையின் நடுவில் நின்றபடியே யார் எழுதுகிறார்கள், யார் பார்த்து எழுதுகிறார்கள் என்று தெரிந்துவிடும். பலகை மங்கியிருந்தால் கோடை விடுமுறையில் பூச்சடிக்கச் சொல்லுங்கள். ஜூனில் அடித்தால் ஈரம் காயாமல் சுண்ணக்கட்டி வழுக்கும்.

தலைமையாசிரியர் இல்லாத நாளுக்கு என்று தனியாக ஒரு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். 4, 5ஆம் வகுப்புக்கு வரைபட வேலை, அகராதி தேடல், வாய்ப்பாட்டு அட்டை எல்லாம் அதில் தயாராக இருக்கட்டும். அன்று புதுப் பாடம் எடுக்க முயலாதீர்கள். இரண்டு பக்கமும் நடக்காது.

தறிமேடு

மொழி பற்றி மட்டும் சொல்கிறேன்.

"வகுப்பில் தெலுங்கு பேசாதே" என்று சொன்ன அன்றே பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பிறகு தமிழும் வராது. ஜூன், ஜூலையில் கதையை முதலில் தெலுங்கில் சொல்லுங்கள், அல்லது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைச் சொல்லவையுங்கள். மறுநாள் அதே கதை, அதே படம், தமிழில். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை ஒரு நாளில் கால்மணி நேரத்துக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், அதற்கும் பாடம் இருக்கிறது.

எழுத்தில் வரும் பிழைகள் பெரும்பாலும் கவனக்குறைவு அல்ல, காரணத்தோடு வருபவை. தெலுங்குச் சொற்கள் அநேகமாக எல்லாமே உயிர் ஒலியில் முடியும். அதனால் பால் என்பதைப் "பாலு" என்றும் மீன் என்பதை "மீனு" என்றும் எழுதுவார்கள். புள்ளி வைக்கும் எழுத்தைச் சொல்லின் கடைசியில் வைத்தே பழக்குங்கள். அங்கே கை தட்டி ஒலியை நிறுத்தச் செய்யுங்கள். அடுத்தது வினைமுற்று. தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் வினை ஒன்றே. அதனால்தான் "அக்கா வந்தது, மாடு வந்தது" என்று இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். சிவப்பு மையால் சுழித்துப் பயனில்லை. அக்கா, அண்ணன், மாடு என மூன்று படம் வைத்து, வந்தாள், வந்தான், வந்தது என்று இரண்டு வாரம் தினமும் ஐந்து நிமிடம் வாயால் சொல்லவைத்தால் போதும். ழகரத்துக்கு அவசரப்படாதீர்கள், அது நம் பிள்ளைகளுக்கே தகராறுதான்.

கணக்கில் ஒரு இடம்: தெலுங்கில் 900 என்பது நேராக "ஒன்பது நூறுகள்". தமிழில் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று வரும்போது 90, 900, 9000 மூன்றும் குழம்பும். காதால் கேட்டு எழுதச் சொல்லும் முன் பத்துக் கட்டு, நூறு கட்டு குச்சிகளை வைத்துக் காட்டிவிடுங்கள்.

சேர்க்கையின்போது பெற்றோர் தெலுங்குவழி உண்டா என்று கேட்பார்கள். 1960 ஏப்ரல் 1இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததிலிருந்து இங்கே இது பழைய பேச்சு. தெலுங்குவழியில் போட்டாலும் 2006 தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள்.

வருகைப்பதிவேடு

பதிவேட்டில் முதலில் இடறும் இடம்: மூன்று எண்ணிக்கை. காலை உணவு சாப்பிட்டவர், வருகைப் பதிவு, மதிய உணவு சாப்பிட்டவர். காலை உணவு 8.50க்குள் முடிந்துவிடும், தூரத்துக் குடியிருப்புப் பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் வருவார்கள். ஆக முதல் எண் குறைவாக இருப்பது இயல்பு. அதைச் "சரிசெய்ய" யாராவது எல்லா எண்ணையும் ஒன்றாக்கினால்தான் ஆய்வில் மாட்டும், ஏனென்றால் இருப்பு ஒத்துவராது. காலை உணவுக்கு ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவை அல்லது அரிசி அல்லது சேமியா, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. 26 பேர் என்றால் 1.3 கிலோவும் 390 கிராமும். மதியத்துக்குத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. 31 பேருக்கு 3.1 கிலோ. கரும்பலகை மூலையில் மூன்று எண்ணையும் அந்தந்த நேரத்தில் எழுதிவிடுங்கள், மாலையில் அதைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றலாம். கைபேசிச் செயலியில் அலைவரிசை கிடைக்காத ஊர் என்றால் இந்த மூலைதான் காப்பாற்றும்.

அடுத்து பெயர். ஆந்திர ஆதாரில் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும். நம் பக்கம் அப்பா பெயரின் முதலெழுத்து. ஒரே பிள்ளைக்கு இரண்டு பெயர் ஆகிவிடும். ஒன்றாம் வகுப்பிலேயே பிறப்புச் சான்று, ஆதார், சேர்க்கைப் பதிவேடு மூன்றையும் ஒப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள். ஆவணம் இல்லை என்று சேர்க்கையை நிறுத்தாதீர்கள். வயதுச் சான்று இல்லாததற்கோ மாற்றுச் சான்றிதழ் தாமதத்துக்கோ சேர்க்கை மறுக்கக் கூடாது என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. சாதிச் சான்றையும் ஐந்தாம் வகுப்பு வரை தள்ளிப்போடாதீர்கள். இருளர் பிள்ளைகள் இருந்தால் பழங்குடிச் சான்று வட்டாட்சியர் தருவதல்ல, கோட்டாட்சியர் தருவது. விசாரணைக்கு நாள் பிடிக்கும்.

சுண்ணக்கட்டி

மேலே சொன்னதில் ஒரு திருத்தம் தேவை: மூன்று எண்ணை எழுதும் மூலை பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்!

கொசஸ்தலை

போக்குவரத்து பற்றி யாரும் சொல்லவில்லை. இங்கே வெயில் அடிக்கும் நாளிலும் தரைப்பாலம் மூழ்கும். காரணம் நம் மழை அல்ல. ஆந்திரப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் வந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அணை திறப்பு அறிவிப்பைக் காலையிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாலத்தில் தண்ணீர் ஓடினால் வண்டியை இறக்காதீர்கள், முழங்கால் அளவு என்றாலும் இழுப்பு தெரியாது. நகரி வழியாகச் சுற்றி வர முடியுமா என்று உங்கள் ஊருக்கு இப்போதே பார்த்து வையுங்கள். சென்னையிலிருந்து வருபவர்களுக்குத் திருப்பதி ரயில் பாதையில் நகரி நிலையம் இருக்கிறது.

ஆற்றுக்கு அந்தப் பக்கப் பிள்ளைகள் யார் யார் என்று பெயர், பெற்றோர் எண்ணோடு பட்டியல் எடுத்து வகுப்பில் ஒட்டுங்கள். பள்ளி நடக்கும்போது தண்ணீர் ஏறினால் அவர்களைத் தனியே அனுப்பாமல், பெரியவர் யாராவது வந்த பிறகே விடுங்கள். இரவு தங்க வேண்டி வந்தால் இக்கரையில் எந்த வீடு என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் செப்டம்பரிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

புதுப்பணி

நன்றி. 4, 5ஐத் தலைமையாசிரியரே எடுப்பது சரியா, அல்லது பாடவாரியாக மாறிக்கொள்வதா?

தறிமேடு

1 முதல் 3 வரை ஆள் மாறக் கூடாது, அங்கே நீங்களே இருங்கள். 4, 5க்குக் கணக்கை மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், முதல் பாடவேளையில். கூட்டம், அலுவலகம் என்று அவர் எழுந்து போவது அதற்குப் பிறகுதான், அதனால் கணக்குப் பாடம் விடுபடாது. அந்த 40 நிமிடம் அவர் உங்கள் அறையில் கதை சொல்லட்டும்.