ஜெர்மனிக்குப் புதிதாகப் போயிருக்கும் நர்ஸ் தங்கைகளுக்கு, கோத்தகிரியிலிருந்து

விடுமுறைக்குக் கோத்தகிரி வந்து பத்து நாள் ஆகிறது. முந்தாநாள் இரவு பதினொரு மணிக்கு ஒரு போன். எங்கள் லயத்தில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இரண்டு வீடு தள்ளி வளர்ந்த பெண், ஜனவரியில் ஜெர்மனி போனவள். அதற்கு முன் கோயம்புத்தூரில் நான்கு ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். "அக்கா, வெண்டிலேட்டர் பார்த்த கை இது. இன்று காலையிலிருந்து ஏழு பேரைக் குளிப்பாட்டி, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்திருக்கிறேன். இதற்காகவா வந்தேன்?" என்று அழுதாள். அடுத்து அவள் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. "அம்மாவிடம் ஐசியுவில் இருப்பதாகத்தான் சொல்லியிருக்கிறேன். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்."

2019-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துப் பக்கம் போனபோது இதே பொய்யை நான் ஏழு மாதம் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் நர்ஸிங் பட்டம் அங்கே உடனே செல்லாது. வேலை செய்யும் ஜெர்மன் மாநிலத்து அலுவலகம் நம் பாடத்திட்டத்தை அவர்களுடையதோடு ஒப்பிட்டு, எது குறைகிறது என்று கடிதம் தரும். அந்தக் குறையை வார்டில் வேலை செய்துகொண்டே பயின்று நிரப்பலாம், அல்லது தேர்வு எழுதலாம். ஜெர்மன் மொழியில் பி2 என்ற நிலைக்கான சான்றிதழும் வேண்டும். அதுவரை உதவியாளர் பணி, உதவியாளர் சம்பளம். எனக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. என்னை அனுப்பிய ஏஜென்சி மூன்றே மாதம் என்று சொல்லியிருந்தது. இன்னும் புறப்படாதவர்கள் இருந்தால், ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேட்டு வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள்.

இனி குளிப்பாட்டும் வேலைக்கு வருகிறேன். அதை நம்மை மட்டம் தட்டுவதற்காகத் தரும் வேலை என்று நானும் நினைத்தேன். அப்படி இல்லை. நம் ஊரில் நோயாளியின் உடம்பைத் துடைப்பதும் ஊட்டிவிடுவதும் மகளோ மருமகளோ செய்வது. அங்கே அது நர்ஸின் வேலை, முழுத் தகுதி பெற்ற நர்ஸும் செய்கிறார். என் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார், இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர். ஒருநாள் கால் கழுவும்போது குதிகாலில் லேசான சிவப்பு தெரிந்தது. விரலால் அழுத்தினேன், சிவப்பு வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் தொடக்கம். குதிகாலைத் தூக்கி வைத்து, நான்கு நாளில் தேற்றிவிட்டோம். ஆறு ஆண்டுகள் மானிட்டரையே பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு உடம்பைப் பார்க்க அங்கேதான் சொல்லிக்கொடுத்தார்கள். நர்ஸ் வேலை மீது எனக்கிருந்த பிரியம் அந்தக் குதிகாலில்தான் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

தகுதி அங்கீகாரத்தை ஜெர்மன் மொழியில் அனெர்கென்னுங் என்கிறார்கள். ஒருவரைப் பாராட்டி மதிப்பதற்கும் அதே சொல்தான். அந்த அங்கீகாரக் கடிதம் வராதவரை எனக்கு மதிப்பே இல்லை என்று நான் குழப்பிக்கொண்டதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம்.

அப்போதெல்லாம் பாட்டியை நினைத்துக்கொள்வேன். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் இருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானதே, அந்தக் கணக்கில் வந்தவர் அவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, இந்த மலைக்கு வந்தார். இங்கே எங்களைப் போன்றவர்களுக்காக 1968-இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியிருந்தது, இன்றைய டான்டீ, அதாவது தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். இலங்கையில் இருந்தவரை அவர் இந்தியாக்காரி, இங்கே வந்ததும் சிலோன்காரி. ரேஷன் கடை வரிசையில் காது கேட்கவே சொல்வார்களாம். பாட்டி லயத்துக்குப் பின்னால் மேராக்காய்க் (சௌசௌ) கொடி ஏற்றினார். காய்த்ததும் முதல் கூடையை, அப்படிப் பேசிய வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி மாதக்கணக்கில் குச்சியாக நிற்கும், அந்த நேரத்தில் கொழுந்து கேட்டு அதைத் திட்டக்கூடாது என்பார்.

முதல் ஐந்து ஆண்டு வேறு எதையும் யோசிக்காமல் உழைத்துப் பணம் அனுப்பு என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கடிதம் வந்து, ஐசியுவிலும் இடம் கிடைத்த அந்தக் குளிர்காலத்தில் கிடைத்த கூடுதல் ஷிப்ட் எல்லாவற்றையும் எடுத்தேன். ஊட்டி உறைபனி பார்த்தவர்களுக்குக் குளிர் பெரிதில்லை, நம் மலையில் பனி கொட்டிய மறுநாளே பளீரென்று வெயில் அடிக்கும். அங்கே டிசம்பரில் எட்டு மணிக்கு விடிந்து நான்கு மணிக்கு இருட்டிவிடும். இருட்டில் போய் இருட்டில் திரும்பினேன். பிப்ரவரியில் ஒருநாள், நோயாளி ஒருவர் இறந்தபோது எனக்குள் எதுவுமே அசையவில்லை. அதற்குத்தான் பயந்தேன்.

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் கடந்தால், பதினைந்து பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பகுதி நேரம் கேட்க அங்கே சட்டம் இடம் தருகிறது. நான் முக்கால் நேரம் கேட்டு வாங்கினேன். வீட்டில் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. தங்கை கல்யாணக் கடன் பாக்கி இருந்தது, அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. கடன் அடைய ஒன்றரை ஆண்டு கூடுதலாக ஆயிற்று. அதை மறைத்து உங்களுக்கு ஆலோசனை சொல்ல மாட்டேன். ஆனாலும் மறுபடி கேட்டால் அதையேதான் செய்வேன்.

கிடைத்த நேரத்தில் ஒரு சிறு தோட்டம் குத்தகைக்கு எடுத்தேன். இப்படிச் சிறு தோட்டங்களைக் குத்தகைக்குத் தரும் சங்கங்களுக்கு லைப்சிக் பேர்போன ஊர், ஷ்ரேபர் சங்கம் என்று அழைக்கப்படும் அவற்றில் முதலாவது 1864-இல் அங்கேதான் தொடங்கியது. ஒரு பங்கு நிலத்திலாவது காய்கனி போட வேண்டும் என்பது விதி. மலைக்காரிக்குச் சொல்ல வேண்டுமா! உருளை, கேரட், பீன்ஸ். வேலிக்கு அந்தப் பக்கத்துப் பாட்டி என் பாத்தியைப் பார்த்துவிட்டு, விதை உருளை ஒரு வாளி கொண்டுவந்து வைத்தார். அன்றுதான் அந்த ஊரில் என்னை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

நேற்று அந்தப் பெண்ணிடம் வீட்டில் உண்மையைச் சொல்லச் சொன்னேன். இன்று மாலை கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு அவள் அம்மா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார், கையில் போனோடு. மகள் சொல்லிவிட்டாளாம். "உன் அப்பாயியை மூன்று வருஷம் நான் கழுவவில்லையா, அதை ஏன் மறைத்தாய்?" என்று கேட்டாராம். பிறகு இருவரும் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். வார்டில் இருக்கும் ஏழு பேரின் பெயரும் இப்போது அவருக்குத் தெரியும். மூன்றாம் கட்டில் தாத்தா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம், அந்த ஊரில் கஞ்சி கிடைக்குமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.