டயப்பர்: எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை? ராத்திரி எழுப்பி மாத்தணுமா?

கேள்வி:
குழந்தைக்கு 6 வாரம். பாக்கெட்ல 12 மணி நேரம் தாங்கும்னு போட்டிருக்கு. 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்தியும் பிட்டம் சிவந்திருக்கு. டயப்பர் மேல இருக்கிற ஈரக்கோடு நீலமானதுமே மாத்தணுமா? ராத்திரி தூங்குறப்போ என்ன செய்யறது?

பதில் 1:
12 மணி நேரம்ங்கிறது டயப்பர் எவ்வளவு ஈரம் தாங்கும்ங்கிற கணக்கு. தோல் எவ்வளவு நேரம் தாங்கும்ங்கிறது வேற விஷயம். மலம் போனா அந்த நிமிஷமே மாத்துங்க. மலத்துல புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கிற நொதிகள் இருக்கு. சிறுநீர் சேர்ந்தா காரத்தன்மை ஏறி அதுங்களுக்கு வேகம் கூடிடும், தோலையே அரிக்கும். வெறும் சிறுநீர்னா பகல்ல 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். இந்த வயசுல ஒரு நாளைக்கு 8லேர்ந்து 12 வரை ஆகும்.

கோடு கொஞ்சம் நனைஞ்சாலே நீலமாகிடும், அதை மட்டும் நம்பாதீங்க. கையால தூக்கிப் பாருங்க, தொங்கினா மாத்திடலாம்.

ராத்திரி வெறும் ஈரத்துக்காக எழுப்ப வேண்டாம். பாலுக்கு எழும்போது மாத்துங்க. பால் குடிக்கும்போதே மலம் போற பிள்ளைகள் நிறைய. அதனால ஒரு பக்கம் குடிச்சு முடிச்சு அடுத்த பக்கம் மாத்துற இடைவெளிதான் சரியான நேரம். பசியில வீறிடாது, குடிச்சு முடிச்சுத் தூங்கினதைக் கலைக்கவும் வேண்டாம். ஆனா இப்போ சிவப்பு இருக்கே, அது ஆறுற வரைக்கும் ராத்திரியும் இடைவெளியைக் குறைங்க.

பதில் 2:
சிவப்பு எங்கே இருக்குன்னு பாருங்க. பிட்டத்தோட மேட்டுல மட்டும்னா ஈரமும் உரசலும்தான் காரணம். வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சை நனைச்சுத் துடைங்க, பெண் குழந்தைன்னா முன்னாலிருந்து பின்னால. ஒத்தி உலர்த்தி, 10 நிமிஷம் காத்தாட விட்டுட்டு, ஜிங்க் ஆக்சைடு கிரீமைத் தோல் தெரியாத அளவுக்குத் தடிமனா பூசுங்க. அடுத்த தடவை மலம் பட்ட மேல் அடுக்கை மட்டும் எடுத்தா போதும். மொத்தத்தையும் தேய்ச்சு எடுக்கிறதாலதான் பல பேருக்குப் புண் ஆறவே மாட்டேங்குது. பவுடர் வேண்டவே வேண்டாம், மூச்சுல போயிடும்.

தொடை மடிப்புக்குள்ள அடர்சிவப்பு, ஓரத்துல சின்னச் சின்னப் புள்ளிகள், 3 நாளாகியும் குறையலைன்னா பூஞ்சையா இருக்கலாம். அதுக்கு ஜிங்க் மட்டும் பத்தாது, டாக்டர் பார்த்து எழுதுற பூஞ்சை மருந்து வேணும்.

பதில் 3:
எண்ணிக்கையையும் கவனிங்க. இந்த வயசுல 24 மணி நேரத்துல குறைஞ்சது 6 ஈர டயப்பராவது வரணும். குறைஞ்சாலோ, வாய் வறண்டாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ தாமதிக்காம மருத்துவரிடம் போங்க. நல்லா உறிஞ்சுற டயப்பர்ல ஈரமே தெரியாது. புது டயப்பர்ல 3 மேசைக்கரண்டி தண்ணி ஊத்தித் தூக்கிப் பாருங்க, கனம் கைக்குப் பழகிடும்.

கசிஞ்சா உடனே டயப்பரைக் குறை சொல்ல வேண்டாம். தொடைப் பக்கத்துச் சுருக்கு உள்ள மடங்கியிருக்கும், விரல் விட்டு வெளியே இழுத்து விடுங்க. ஆண் குழந்தைன்னா குறி கீழ்நோக்கி இருக்கட்டும், இல்லைன்னா இடுப்பு வழியா நனையும். தொடையில ஆழமா தடம் பதிஞ்சா அளவு சின்னதாயிடுச்சுன்னு அர்த்தம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பகல்ல துணி நாப்கின் கட்டினா?

பதில் 1:
நனைஞ்சதுமே மாத்துங்க, 2 மணி நேரத்தைத் தாண்ட விடாதீங்க. துவைக்கும்போது துணியை மென்மையாக்குற திரவம் சேர்க்காதீங்க, உறிஞ்சுற தன்மை போயிடும். சோப்பு மிச்சமில்லாம நல்லா அலசுங்க.