சட்டம் போடுறவங்க அதே சட்டத்துல மாட்டினா நாற்காலி போகுமா?

சிப்புட் பையன்:
வணக்கம். தோட்டத்துக் கோயில் மண்டபத்துல இளைஞர் மன்றம் பட்டிமன்றம் வைக்குது. தலைப்பு, நம்ம மலேசியாவுல சட்டம் இயற்றுறவங்க அதுக்குக் கட்டுப்பட்டவங்களா இல்லையா. அலங்காரப் பேச்சு நிறைய இருக்கு, விவரம்தான் இல்லை. ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) ஒருத்தர் ஒட்டுக்கடையில (சின்னச் சாப்பாட்டுக் கடை) சிகரெட் பிடிச்சா நமக்கு வர்ற அதே சமன் (அபராத நோட்டீஸ்) அவருக்கும் வருமா? 2,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் விழுந்தா பதவி போயிடும்னு ஒருத்தர் சொல்றார். நாடாளுமன்ற உறுப்பினரை சட்டம் தொடவே முடியாதுன்னு இன்னொருத்தர் சொல்றார். சுங்கை சிப்புட்ல யார்கிட்ட கேட்டாலும் இந்த ரெண்டுல ஒண்ணுதான் பதிலா வருது. எது சரி?

தோட்டத்து வக்கீல்:
தம்பி, தொடவே முடியாதுன்னு சொல்றவர் அரசியலமைப்போட 63ஆவது பிரிவைத் தப்பாப் புரிஞ்சிருக்கார். அது சபைக்குள்ள பேசுற பேச்சுக்கும் போடுற ஓட்டுக்கும் மட்டும்தான் பாதுகாப்பு. அதுலயும் தேச நிந்தனைச் சட்டத்துல சிக்குற பேச்சுக்குக் கிடையாது. வாசப்படி தாண்டிட்டா அவரும் நீங்களும் ஒண்ணு.

2,000 வெள்ளி கணக்கு 48ஆவது பிரிவு. நீதிமன்றம் குற்றவாளின்னு தீர்ப்பு சொல்லி, ஓராண்டுக்குக் குறையாத சிறையோ 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ விதிச்சு, முழு மன்னிப்பும் கிடைக்கலைன்னா தகுதி போகும். ‘குறையாத’ங்கிற சொல்லைப் பிடிச்சுக்குங்க. 1,999 விழுந்தா தப்பிச்சார், 2,000 விழுந்தா மாட்டினார். 2018 பொதுத்தேர்தல்ல கோலாலம்பூர்ல இருக்கிற ‘பத்து’ (Batu) தொகுதியில அரசியல்வாதி தியான் சுவாவோட வேட்புமனு தள்ளுபடியானது சரியா இந்த 2,000 வெள்ளிக்காகத்தான். அங்கே சுயேச்சையா நின்ன நம்ம பி. பிரபாகரன் 22 வயசுல ஜெயிச்சு நாடாளுமன்றம் போனார். இந்தத் தொகை 1957ல எழுதினது. அன்னிக்கு அது பெரிய பணம், இன்னிக்கு ஒரு மாசக் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேல.

இப்போ சிகரெட்டுக்கு வருவோம். புகைப்பொருள் கட்டுப்பாட்டுக்கான 852ஆவது சட்டம், 2024 அக்டோபர் 1லிருந்து அமல். தடை செஞ்ச இடத்துல புகைச்சா கோர்ட் 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம் போடலாம். ஆனா பெரும்பாலும் அதிகாரி கம்பவுண்ட் (கோர்ட்டுக்குப் போகாம கட்டித் தீர்க்கிற தொகை) நோட்டீஸ்தான் கொடுப்பார். கம்பவுண்ட் கட்டிட்டா வழக்கே கிடையாது, தீர்ப்பும் கிடையாது, அதனால 48ஆவது பிரிவு கிட்டவே வராது. 2024 டிசம்பர்ல வெளியுறவு அமைச்சர் முகமட் ஹசான் சிரம்பான்ல ஒரு கடையில புகைக்கிற படம் பரவினதும் சுகாதாரத் துறை அவருக்கும் நோட்டீஸ் கொடுத்துச்சு, அவரும் மன்னிப்புக் கேட்டார். ஆக, சமன் வரும். நாற்காலி ஆடாது. அதே சிகரெட்டுக்குக் கம்பவுண்ட் கட்டாம கோர்ட் வரைக்கும் போய், மாஜிஸ்திரேட் 2,000 போட்டாருன்னு வைங்க, அப்போ கதை வேற.

பால்மரத்து நிழல்:
நம்ம பேராக்கிலேயே உதாரணம் இருக்கே, அண்ணே. 2020 ஏப்ரல், கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நேரம். லெங்கோங்ல ஒரு சமயப் பள்ளியில கூடினதுக்கு சுகாதாரத் துணை அமைச்சரும் (அப்போ பாகான் செராய் எம்.பி.) ஒரு மாநில ஆட்சிக்குழு உறுப்பினரும் கெரிக் மாஜிஸ்திரேட் கோர்ட்ல குற்றத்தை ஒப்புக்கிட்டாங்க. ஆளுக்கு 1,000 வெள்ளி. ஊரெல்லாம் ‘சலுகை காட்டிட்டாங்க’ன்னு பேசினாங்க. அந்த விதிமுறையில அபராதத்தோட உச்சவரம்பே 1,000தான். உச்சத்தைப் போட்டும் 2,000ஐ எட்டாது. சிறை போட்டாலும் ஆறு மாசம்தான், ஓராண்டு கணக்குக்கு வராது. அதாவது அந்தக் குற்றத்துக்கு எந்த நீதிபதி எந்தத் தண்டனை கொடுத்தாலும் பதவி போகாது. நீதிபதியைத் திட்டி என்ன பண்றது, விதி எழுதின இடத்துலயே கேட்டிருக்கணும்.

அதே வருஷம் தோட்டத் தொழில் அமைச்சர் துருக்கி போய்ட்டு வந்து வீட்டுத் தனிமைப்படுத்தல்ல இருக்கலை. 1,000 வெள்ளி கம்பவுண்ட் கட்டினார். வழக்குப் போடச் சொல்லி போலீஸ் ரிப்போர்ட் குவிஞ்சுது. அக்டோபர்ல சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் மேல் நடவடிக்கை இல்லைன்னு மூடிடுச்சு. காரணம் சட்டம் இல்லைங்கிறது இல்ல. வீட்டுக் கண்காணிப்பு உத்தரவுப் படிவத்தை அவருக்கு யாரும் கொடுக்கவே இல்லை. உத்தரவே கொடுக்கலைன்னா எதை மீறினார்னு குற்றம் சாட்டுறது? நம்ம ஆள் விமானத்தை விட்டு இறங்கினா கையில படிவம் திணிச்சு, கையெழுத்தும் வாங்கிடுவாங்க.

ஈப்போ ரோடு:
தண்டனை விழுந்த பிறகும் நேரம் இருக்கு. தீர்ப்பு வந்து 14 நாள். அதுக்குள்ள மேல்முறையீடு போட்டா அது முடியற வரைக்கும் பதவி நிக்கும். மன்னிப்பு மனுவுக்கும் அதே மாதிரி. முன்னாள் பிரதமர் நஜிப்புக்கு 12 வருஷச் சிறையும் 21 கோடி வெள்ளி அபராதமும் விதிச்சது 2020 ஜூலை. கூட்டரசு நீதிமன்றம் உறுதி செஞ்சது 2022 ஆகஸ்ட். நடுவுல ரெண்டு வருஷத்துக்கு மேல அவர்தான் பெக்கான் எம்.பி. ஆனா புதுசா வேட்புமனு தாக்கல் பண்ண இந்த அவகாசம் கிடையாது, தகுதியிழப்பு உடனே. 2024ல அவர் சிறையை 6 வருஷமாவும் அபராதத்தை 5 கோடியாவும் குறைச்சாங்களே, அது முழு மன்னிப்பு இல்ல. 2018 மே மாசம் அன்வார் இப்ராஹிமுக்குக் கிடைச்சது முழு மன்னிப்பு, அதனாலதான் அதே வருஷம் அக்டோபர்ல போர்ட்டிக்சன் இடைத்தேர்தல்ல நிக்க முடிஞ்சது. பட்டிமன்றத்துல இந்த ரெண்டையும் குழப்பிடாதீங்க.

எனக்கு உறுத்துறது வேற இடம். ஊழல் தடுப்புச் சட்டத்துல 17ஏ பிரிவு 2020 ஜூன் 1ல அமலுக்கு வந்துச்சு. தோட்டக் கம்பெனிக்கு லாபம் வரணும்னு ஒரு கிராணி (குமாஸ்தா) லஞ்சம் கொடுத்தா கம்பெனியும் மாட்டும். தடுக்கத் தக்க ஏற்பாடு செஞ்சிருந்தோம்னு நிரூபிச்சா கம்பெனி தப்பிக்கும்; தங்க சம்மதம் இல்லாம நடந்துச்சு, தடுக்கத் தக்க கவனமும் எடுத்தோம்னு நிரூபிக்கலைன்னா டைரக்டர்களும் மாட்டுவாங்க. குறைஞ்சது பத்து லட்சம் வெள்ளி அபராதம். நல்ல சட்டம். ஆனா அது ‘வணிக நிறுவனத்துக்கு’ மட்டும். அரசியல் கட்சி அந்தச் சொல்லுக்குள்ள வராது. எழுதினவங்க யாருன்னு பாருங்க.

அப்புறம் அரசியலமைப்போட 145(3). வழக்குப் போடறதும் நிறுத்தறதும் சட்டத்துறைத் தலைவர் முடிவு. அவரை மாமன்னர் நியமிக்கிறது பிரதமர் ஆலோசனைப்படி.

தோட்டத்து வக்கீல்:
17ஏ பத்திச் சரியாச் சொன்னீங்க. ஆனா லஞ்சம் வாங்கின ஒய்.பி. தனி ஆளா அதே சட்டத்துல மாட்டுவார், அதைச் சேர்த்துச் சொல்லணும். இல்லைன்னா கூட்டம் தப்பா எடுத்துக்கும்.

சிப்புட் பையன்:
ரொம்ப நன்றி. கடைசியா ஒண்ணு. நாமளே புகார் கொடுத்தா அது எங்கே தேங்கி நிக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பால்மரத்து நிழல்:
சிகரெட் விவகாரம்னா பாலாய்க்கு (போலீஸ் நிலையம்) போகாதீங்க, கோல கங்சார் மாவட்டச் சுகாதார அலுவலகம். படத்துல முகம், சிகரெட், கடைப் பெயர்ப்பலகை மூணும் தெரியணும், தேதியும் நேரமும் எழுதிக் கொடுங்க.

லஞ்சம்னா எஸ்.பி.ஆர்.எம். (ஊழல் தடுப்பு ஆணையம்), 1-800-88-6000. முதல்ல பேஸ்புக்ல போட்டுட்டு அப்புறம் புகார் கொடுக்கிறதுதான் நிறையப் பேர் பண்ற தப்பு. 2010 தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் அமலாக்கத் துறைக்குச் சொன்னதை மட்டும்தான் காக்கும். பேஸ்புக்ல போட்டதைக் காக்காது.

போலீஸ் ரிப்போர்ட்னா குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ. ரிப்போர்ட் கொடுத்து நாலு வாரம் ஆனதும், அந்த பாலாய் பொறுப்பதிகாரிக்கு நிலவரம் கேட்டு எழுதுங்க. ரெண்டு வாரத்துல பதில் தரணும். வாரண்ட் இல்லாம கைது பண்ண முடியாத சின்னக் குற்றத்துக்கு இது பொருந்தாது. நாலு வாரத்துக்கு முன்னாடி எழுதினா பதில் தரவேண்டிய கட்டாயம் இல்லை, அதனால தேதியை எண்ணிப் பார்த்து எழுதுங்க. கடிதத்துல ரிப்போர்ட் எண்ணும் ‘107ஏ’ங்கிற சொல்லும் இருக்கணும். ரெண்டு பிரதி கொண்டு போய், ஒண்ணுல ‘தெரிமா’ (பெற்றுக்கொண்டோம்) முத்திரை குத்தி வாங்கிட்டு வந்துடுங்க.