ரீபூட் (பழைய கதையைத் திரும்பத் தொடங்குற) படத்தில நிஞ்சா ஆமைகளை எப்பக் காட்டோணும்? உருவம் ஏற்கெனவே தெரிஞ்ச நாயகன்ட முதல் வரவு

உப்புவெளிக்காரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்க.

நான் 1984 இல பிறந்தவன். நிஞ்சா ஆமைகளும் அதே ஆண்டுதான், கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லெயர்டும் வரைஞ்ச காமிக்ஸில பிறந்ததுகள். 1990 படத்தை நான் கேசட்டில பாத்தன். 92, 93 இருக்கும். கரண்ட் இல்லை, பக்கத்து வீட்டு முற்றத்தில ஜெனரேட்டர். எங்கட வீட்டில போட அம்மம்மா விடல்ல. ஆமை புகுந்த வீடு உருப்படாதாம், அது படத்திலயா இருந்தாலும் சரி.

அந்தப் படத்தில ராத்திரி ஏப்ரல் எண்ட செய்தியாளர் பெண்ணைக் கள்ளன்மார் வளைக்கிறாங்க. எங்கேயோ இருந்து ஒரு சாய், ஆமை வைச்சிருக்கிற மூண்டு முனைக் கத்தி, பறந்து வந்து விளக்கை உடைக்குது. இருட்டு, அடிபடுற சத்தம் மட்டும். வெளிச்சம் வரேக்க கள்ளன்மார் கட்டுண்டு கிடக்கிறாங்க. சாக்கடை மூடிக்குக் கீழ இருந்து ரெண்டு கண் பாக்குது. கச்சான் கொறிச்சுக்கொண்டிருந்த பெரியண்ணா கையை நிப்பாட்டினது எனக்கு இப்பவும் நினைவிருக்கு.

போன லீவில என்ட மகளுக்கு 2014 இல திரும்ப எடுத்த ஆமைப் படத்தைப் போட்டன். ஒன்பது வயசு. அதிலயும் ஒளிச்சு ஒளிச்சுத்தான் காட்டுறாங்க: நிழல், இருட்டு, கடைசியில கூரைக்கு மேல ஏப்ரல் ஃபோனில படம் எடுக்கிறது. மகள் கேட்டாள், "அப்பா, ஆமை எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியுமே. ஏன் இவ்வளவு நேரம் ஒளிக்கிறாங்க?" அவள்ட பள்ளிக்கூடப் பையிலயே நாலு ஆமையும் இருக்கு. எனக்குப் பதில் வரல்ல.

ஊருக்கே முகம் தெரிஞ்ச ஒரு நாயகனை, அதுவும் மனுசன் இல்லாத நாயகனை, திரும்பத் தொடங்குற படத்தில எப்பிடிக் கொண்டுவரோணும்? உங்கட எண்ணத்தைச் சொல்லுங்க.

கிண்ணியாப் பாலம்:

அண்ணன், ஒளிக்கிறது பிழை எண்டு ஒரேயடியாச் சொல்லேலாது. 2014 இல கரெத் எட்வர்ட்ஸ் எடுத்த காட்ஸில்லா எண்ட ராட்சத மிருகப் படத்தைப் பாருங்க. விமான நிலையத்தில முதல்ல கால் விழுகுது, கமரா மெல்ல மேல போகுது, பிறகுதான் அந்த உறுமல். 1954 இல இருந்து எல்லாருக்கும் தெரிஞ்ச உருவம்தான். ஆனா அந்தப் பருமனை உடம்பு உணர நேரம் வேணும். எனக்கு மயிர் கூச்செறிஞ்சது.

மூதூர் டீச்சர்:

தம்பி, உங்கட மகள் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறாள். 1990 இல ஒளிச்சதுக்கு நியாயம் இருந்தது. கார்ட்டூனில பாத்த ஆமை தோலும் தசையுமா எப்பிடி இருக்கும் எண்டு பாக்கிற பிள்ளைக்குத் தெரியாது. ஜிம் ஹென்சன்ட பட்டறை செய்த உடுப்பு அது. இண்டைக்கு அந்த வேலையைப் போஸ்டரே முடிச்சுப்போடுது. போஸ்டர் தராத ஒண்டைத்தான் இப்ப மறைக்கோணும்.

எங்கட கூத்தை யோசியுங்க. விடிய விடிய நடக்கும். நாங்கள் பாயில நித்திரையாப் போவம். அனுமான்ட வரவுக்கு அம்மா தட்டி எழுப்புவா. முதல்ல களரிக்கு வெளியில சதங்கை கேக்கும், பிறகு மத்தளமும் சல்லரியும் ஏறும். வாறது ஆர் எண்டு தெரியும். வேசம் கட்டினது பக்கத்து வளவு மாமா எண்டும் தெரியும். கதை அம்மம்மா காலத்துக் கதை. தெரியாத ஒண்டு, மாமா இந்த முறை எப்பிடி ஆடப் போறார் எண்டது மட்டும்தான். அதுக்காகத்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்புவம்.

இதைச் சரியாப் பிடிச்ச ரீபூட் எண்டு நான் சொல்லுறது 2011 இல ரூபர்ட் வயட் எடுத்த 'ரைஸ் ஆஃப் த பிளானட் ஆஃப் த ஏப்ஸ்'. சீசர் எண்ட சிம்பன்சிக் குரங்கைக் குட்டியில இருந்தே காட்டுறாங்க, முகத்தில ஒளிப்பு மறைப்பு ஒண்டும் இல்லை. அண்டி செர்கிஸ் நடிச்ச அந்தக் கண்ணை நாங்கள் வடிவாப் பழகிப்போடுறம். மறைச்சு வைச்சது குரலை. கையால சைகை காட்டிக்கொண்டே இருக்குது. பாதிப் படம் தாண்டித்தான், கூட்டில மின்சாரத் தடியால அடிக்க வாறவன்ட கையைப் பிடிக்குது. அவன் கத்துற வசனம் 1968 படத்தில சார்ள்டன் ஹெஸ்டன் குரங்குகளைப் பாத்துக் கத்தின அதே வசனம். அங்க மனுசன் பேசினதைக் கேட்டுக் குரங்குகள் திகைச்சதுகள். இங்க சீசர் 'நோ' எண்டு ஒரு சொல் சொல்லுது, மனுசரும் குரங்குகளும் சேந்து திகைக்கிறாங்க. பழைய படம் தெரியாத பிள்ளைக்கும் அந்தச் சொல் நெஞ்சில இடிக்கும்.

கம்பனும் அப்பிடித்தான். அனுமன் முதல்ல மறைஞ்சு நிண்டு ராம லட்சுமணரைப் பாக்கிறான். பிறகு மாணவன் வேசத்தில வந்து கதைக்கிறான். பேச்சைக் கேட்டே ராமன் 'சொல்லின் செல்வன்' எண்டு வியக்கிறான். மலை போல வளந்து நிக்கிற அந்தப் பெரிய உருவம் அதுக்குப் பிறகுதான்.

கோட்டைவாசல்:

அண்ணா, மகளுக்கு 2018 இல வந்த 'பம்பிள்பீ' போட்டுக் காட்டுங்க. காரா மாறி ஒளிச்சிருக்கிற ஒரு ரோபோட கதை. கராஜில பழைய மஞ்சள் பீட்டில் கார். சார்லி எண்ட பெட்டை டோர்ச் அடிச்சுக் கீழ பாக்கிறாள், ஒரு முகம் திரும்பிப் பாக்குது. பிறகு அந்தப் பெரிய இயந்திரம் எழும்பி, அவளுக்குப் பயந்து மூலையில ஒடுங்குது.

நான் திருகோணமலையில பிரெட்ரிக் கோட்டைக்குக் கிட்ட வளந்தவள். கொழும்பில இருந்து வந்த மச்சாளுக்கு மான் எப்பிடி இருக்கும் எண்டு தெரியும், புத்தகத்தில எத்தினை தரம் பாத்திருப்பாள். ஆனா கோட்டைக்குள்ள ஒரு புள்ளிமான் அவளைக் கண்டு ஒரு அடி பின்னுக்கு வைச்சு, பிறகு மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. அவள் அழுதிட்டாள்.

உப்புவெளிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கிண்ணியாத் தம்பி, காட்ஸில்லாவைப் பொறுத்தவரை நீங்கள் சொல்லுறது சரி. ஆனா காட்ஸில்லாவோட நாங்கள் கூட்டாளி ஆகப் போறதில்லை. ஆமைகளோட ஆகோணும்.

2014 ஆமைப் படத்தில எனக்கு இன்னொரு மனக்குறை. ஏப்ரல் சின்ன வயசில வளத்த ஆமைகள்தான் அதுகள் எண்டு கதையை முடிச்சுப் போட்டாங்க. அந்நியர் ரெண்டு பேர் முதல் முதல் சந்திக்கிற அந்த நேரம் அதோட போயிற்று.

நேற்று ராத்திரி பம்பிள்பீ பாத்தம். கராஜ் காட்சியில மகள் சொன்னது ஒண்டுதான்: "பாவம், பயந்திட்டுது." பிறகு 2023 இல ஜெஃப் ரோ எடுத்த ஆமைக் கார்ட்டூன் படத்தில கொஞ்சம் போட்டன். சாமான் வாங்கப் போற வழியில நாலும் ஒண்டுக்கு மேல ஒண்டு கத்திக் கதைக்குதுகள். நிசப் பெடியன்களைச் சேர்த்து இருத்திக் குரல் பதிஞ்சிருக்கிறாங்க. மகள் விழுந்து விழுந்து சிரிச்சாள், "எங்கட பெரியப்பா வீட்டுப் பெடியன்கள் மாதிரி" எண்டு. ஆமைகளைப் பொறுத்தவரை முதல்ல தெரிய வேண்டியது அதுகள் சகோதரர் எண்டதுதான் போல. முகமூடியும் முதுகில இருக்கிற ஓடும் பிறகு பாத்துக்கொள்ளலாம்.

டீச்சர், அடுத்த முறை உங்கட ஊர்ப் பக்கம் கூத்து நடந்தாச் சொல்லுங்க. மகளைக் கூட்டிக்கொண்டு வாறன். நித்திரையாப் போனாலும் வரவுக்கு எழுப்பி விடுறன்.