மகனுக்கு ஜம்ப் ஏறவில்லை, காலில் மணல் பை கட்டிக் குதிக்கலாமா?

தேயிலை_அப்பா (கோத்தகிரி பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு, பள்ளி வாலிபால் டீமில் ஷாட் அடிக்கிறான். போன குறுவட்டப் போட்டியில் அடித்த பந்தெல்லாம் எதிர் டீம் பிளாக்கில் மாட்டித் திரும்பி வந்தது, அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு ஜம்ப்தான். போனில் எதையோ பார்த்துவிட்டு இரண்டு மாதமாக எஸ்டேட் படிக்கட்டில் தாவித் தாவி ஏறுகிறான். பழைய ஜீன்ஸ் துணியில் அவனே பை தைத்து, மணல் நிரப்பி, கணுக்காலில் கட்டிக்கொள்கிறான். ஒரு காலுக்கு ஒன்றரை கிலோ இருக்கும். இது போக வாரம் ஆறு நாள் சாயங்காலம் மைதானம் வேறு.

சுவரில் சாக்பீஸ் விரலால் தொட்டு அளந்து வைத்திருக்கிறோம். நின்றபடி எட்டும் இடத்துக்கும் குதித்துத் தொடும் இடத்துக்கும் இரண்டு மாதம் முன்பு 44 செ.மீ. இப்போது 43. இத்தனை பாடுபட்டு ஒரு செ.மீ. இறங்கியிருக்கிறது! கூடவே முட்டிக்குக் கீழே வலி என்கிறான், படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறான்.

ஜிம்மில் சேர்க்கலாமா என்று பார்த்தால், வெயிட் தூக்கினால் பையன் வளரமாட்டான் என்று என் அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார். என்ன செய்யட்டும்?

பழைய_ஷாட்டர் (குன்னூர்)

தம்பி, முதலில் அந்த மணல் பையை அவிழ்த்துப் போடுங்கள். காலின் நுனியில் பாரம் தொங்கினால் பையன் மெதுவாகக் குதிக்கத்தான் பழகுவான், நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியா வாலிபாலில் வெண்கலம் வாங்கியபோது நான் பள்ளிக்கூடப் பையன், இந்திய டீமில் ஆடிய ஜிம்மி ஜார்ஜ் மாதிரி ஆகாயத்தில் நிற்க வேண்டும் என்று நாங்களும் இரண்டு கையிலும் செங்கல் பிடித்துக்கொண்டு குதித்தவர்கள்தான். இன்று மேட்டுப்பாளையம் பஸ்ஸில் இறங்க எனக்கு இரண்டு நிமிடம் ஆகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து ஒரு வேலை. அவன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குதிக்கிறான் என்று உட்கார்ந்து எண்ணுங்கள். ஷாட், பிளாக், குதித்துப் போடும் சர்வீஸ், படிக்கட்டுத் தாவல், எல்லாம் சேர்த்து. வாலிபால் பையன்களுக்குக் குதிப்பு குறைவாக இருப்பதே இல்லை, விளையாட்டே குதிப்புதான். குறைவாக இருப்பது பலம். தரையைக் கால் உதைக்கும் நேரம் அரை விநாடிகூட இருக்காது, அதற்குள் எவ்வளவு பலமாக உதைக்கிறான் என்பதுதான் உயரம். அந்தப் பலம் இல்லாத காலை ஆயிரம் தடவை குதிக்க வைத்தால் களைப்புதான் மிச்சம். உங்கள் ஒரு செ.மீ. அங்கேதான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

பலத்துக்கு ஜிம் கட்டாயம் இல்லை. ஸ்கூல் பேக்கில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு, பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்து வேகமாக எழச் சொல்லுங்கள். நம் பஸ்கிதான், பெஞ்சு இருப்பதால் ஆழம் மாறாது. பின்காலைப் படியில் வைத்து ஒற்றைக் காலில் இறங்கி எழுவது. பையை முன்னால் தொங்கவிட்டு, முதுகு வளையாமல் இடுப்பை மட்டும் பின்னால் தள்ளிக் குனிந்து நிமிர்வது, இது தொடையின் பின்பக்கத்துக்கும் புட்டத்துக்கும், நம் பையன்கள் யாரும் தொடாத இடம். படி விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி மூன்று எண்ணி இறக்குவது. ஒவ்வொன்றும் எட்டு தடவை, மூன்று சுற்று, நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. வாரம் இரண்டே நாள், அடுத்தடுத்த நாளில் வேண்டாம். முடித்த பிறகும் இன்னும் இரண்டு எழுந்திருக்கலாம் என்கிற அளவில் நிறுத்த வேண்டும். எளிதாகிவிட்டால் ஒரு கிலோ கூட்டுங்கள்.

கரடுமுரடு (மஞ்சூர்)

இதெல்லாம் கீழே கோயம்புத்தூர்க்காரர்களுக்கு. நாமெல்லாம் மலையில் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள், நம் பசங்க காலில் இல்லாத பலமா? இங்கே காற்று மெல்லிசு, அதனால்தான் ஜம்ப் வரவில்லை என்று எங்கள் கோச் சொல்வார்.

பழைய_ஷாட்டர் (குன்னூர்)

மேடு ஏறுவதால் வருவது தாக்குப்பிடிக்கும் சக்தி. கொழுந்து மூட்டையோடு ஏறுபவர்கள் நாள் முழுக்க ஏறுவார்கள், அதே கால் அரை விநாடியில் வெடிக்குமா என்றால் அது வேறு கதை. காற்று விஷயத்தில் உங்கள் கோச் சொன்னதில் பாதி சரி. இங்கே மூச்சு சீக்கிரம் வாங்கும், அதனால் நீண்ட ராலிக்குப் பிறகு தேற நேரமாகும். ஆனால் ஒரு குதிப்புக்கு மூச்சே தேவையில்லை, தசையில் ஏற்கெனவே இருக்கும் சக்தியிலேயே அது முடிந்துவிடும். காற்று மெலிந்தால் மாறுவது பந்துதான், இங்கே கோட்டுக்குள் விழுந்த சர்வீஸ் கீழே இன்னும் கொஞ்சம் முன்னாலேயே விழும். குளிர் வேண்டுமானால் தொல்லை. டிசம்பர் சாயங்காலத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிய உடனே ஷாட் அடிக்க ஓடினால் எந்தக் கால் கேட்கும்?

பிசியோ_அக்கா (ஊட்டி)

தேயிலை_அப்பா அண்ணா, வலி எங்கே என்று அவனை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். முட்டிச் சில்லுக்குச் சற்றுக் கீழே, கணைக்கால் எலும்பு தொடங்கும் இடத்தில் மேடு தட்டியிருந்து, அழுத்தினால் அங்கேயே வலித்தால், இந்த வயதில் அதிகம் பார்க்கும் ஆஸ்குட் ஷ்லாட்டர் தொந்தரவாக இருக்கலாம், அதாவது தசைநார் எலும்பில் ஒட்டும் இடம் நோவது. சில்லின் அடி விளிம்பிலேயே வலித்தால் அது தசைநார் அதிகம் உழைத்த வலியாக இருக்கலாம். எதுவானாலும் நேரில் காட்டித்தான் முடிவு செய்ய வேண்டும். வீக்கம், நொண்டல், இரவில் எழுப்பும் வலி, இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

கடந்த ஒரு வருடத்தில் எவ்வளவு வளர்ந்தான்? பேன்ட் எல்லாம் குட்டையாகிவிட்டதா? ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டித்தான் வளர்ச்சி படுவேகம். அப்போது தசைநார் எலும்பில் ஒட்டும் இடம் இன்னும் முற்றியிருக்காது, ஒவ்வொரு தாவலும் அதைத்தான் பிடித்து இழுக்கிறது. வலி அடங்கும்வரை படிக்கட்டுத் தாவல் அறவே வேண்டாம். பழைய ஷாட்டர் சார் சொன்ன பயிற்சிகளை வலி தாங்கும் அளவில் செய்யலாம், பத்துக்கு மூன்றுக்கு மேல் வலிக்கக் கூடாது, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும்.

பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து சரியாகச் சொல்லிக்கொடுத்துச் செய்தால் எடைப் பயிற்சி வளர்த்தியை நிறுத்தாது, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே இதைச் சொல்லியிருக்கிறது. குதித்துத் தரையில் இறங்கும்போது காலில் விழும் பாரம் உடம்பு எடையைப் போலப் பல மடங்கு. அதை இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி ஐந்து கிலோ அரிசிக்குப் பயப்படலாமா!

பெட்டி மேலிருந்து குதித்து உடனே எம்பும் வீடியோக்களும் வேண்டாம். சோவியத் நாட்டின் வெர்கோஷான்ஸ்கி அந்த முறையைக் கொண்டுவந்தது ஏற்கெனவே நல்ல பலம் ஏறிய விளையாட்டு வீரர்களுக்காக. நம் பையன் முதலில் சத்தமில்லாமல் இறங்கப் பழகட்டும், இரண்டு காலும் சேர்ந்து, முட்டி உள்ளே சாயாமல்.

இரண்டு_பெண்_அம்மா (கூடலூர்)

என் பெரியவளுக்கு 13. அவளும் வாலிபால்தான், இறங்கும்போது முட்டி இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கிற மாதிரி வருகிறது. அது தப்பா அக்கா?

பிசியோ_அக்கா (ஊட்டி)

கவனிக்க வேண்டிய விஷயம்தான். பெண் பிள்ளைகளுக்கு முட்டிக்குள் இருக்கும் ஜவ்வு கிழிகிற ஆபத்து கூடுதல், அந்தச் சாய்வும் ஒரு காரணம். தொடையில் ரப்பர் பட்டை மாட்டிப் பக்கவாட்டில் நடப்பது, ஒற்றைக் காலில் நின்று பந்து பிடிப்பது, இறங்குவதைப் போனில் வீடியோ எடுத்து அவளுக்கே காட்டுவது. சீக்கிரம் களைக்கிறாள் என்றால் ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், மாதவிலக்கு தொடங்கிய பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு சாதாரணம்.

பழைய_ஷாட்டர் (குன்னூர்)

ஒன்று விட்டுப்போச்சு. வலி போனபிறகு பையனைக் கையைக் கட்டிக்கொண்டு ஒருமுறை, கையை நன்றாக வீசி ஒருமுறை குதித்துப் பார்க்கச் சொல்லுங்கள், சுவரே வித்தியாசம் சொல்லும். நிறையப் பையன்கள் ஓடிவரும்போது கையைப் பின்னால் கொண்டுபோவதே இல்லை. வலக்கைக்காரன் என்றால் கடைசி மூன்று அடி இடது, வலது, இடது, அதில் வலது நீளமான அடி, குதிகால் முதலில் பட வேண்டும். இதைச் சரிசெய்தாலே சில செ.மீ. சும்மா கிடைக்கும்.

தேயிலை_அப்பா (கோத்தகிரி பக்கம்)

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து எண்ணினேன், 163 வரை எண்ணினேன், அப்புறம் மூடுபனி இறங்கி ஆளே தெரியவில்லை. வளர்த்தி ஒரு வருடத்தில் 8 செ.மீ. விரலால் காட்டச் சொன்னதற்குச் சில்லுக்குக் கீழே அந்த மேட்டைத்தான் காட்டினான். புதன்கிழமை டாக்டரிடம் போகிறோம். அம்மா இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அரிசியை அவரேதான் அளந்து கொடுத்தார். மணலைச் சர்வீஸ் போடும் இடத்துப் பள்ளத்தில் கொட்டிவிட்டோம், மழை பெய்தால் அங்கேதான் தண்ணீர் நிற்கும்.