புகையிலை வெட்டுப்புழுவின் சுவை உறுப்பிலிருந்து மின்துடிப்பு வரவில்லை: உதவி தேவை

கோவையில் ஆமணக்கு இலையில் வளர்த்த புகையிலை வெட்டுப்புழுக்களின் (ஸ்போடாப்டெரா லிட்டூரா) சுவை நரம்புகளைப் பொங்கல் முதல் பதிவு செய்ய முயன்று வருகிறேன். கம்பளிப்புழுவின் துணைத்தாடை ஒவ்வொன்றிலும் கூம்பு போன்ற சுவை உறுப்புகள் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றிலும் நான்கு சுவை நரம்பணுக்கள் இருக்கின்றன. ஓர் இலையை உண்பதா விடுவதா என்ற முடிவில் இந்தச் சில அணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால்தான் இவற்றை விட மனம் வரவில்லை.

1955இல் ஹாட்ஜ்சன் குழுவினர் அறிமுகப்படுத்திய நுனித்தொடு முறையையே (சுவைக் கரைசல் நிரப்பிய மின்முனையால் உறுப்பின் நுனியைத் தொட்டு, அதன் வழியே நரம்பின் மின்துடிப்பைப் பதிவு செய்வது) பின்பற்றுகிறேன். தோலுரித்து ஒரு நாளான ஐந்தாம் பருவப் புழுவின் தலையை வெட்டி, கண்ணாடி மின்முனையில் பொருத்தி, 10 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடில் கரைத்த சர்க்கரையால் உறுப்பின் நுனியைத் தொடுகிறேன். வெளிப்புற உறுப்பு முதல் தொடுகையில் தெளிவாகத் துடிக்கிறது, அடுத்த தொடுகையிலிருந்து அடங்கிவிடுகிறது. உட்புற உறுப்போ தொடக்கம் முதலே மௌனம். தசைத் துடிப்புகள் நன்றாகப் பதிவாவதால் மின்துடிப்பைப் பெரிதாக்கும் பெருக்கியில் கோளாறு இருப்பதாகத் தோன்றவில்லை.

மின்முனைக்குள் இருக்கும் வெள்ளிக் கம்பிக்குப் புதிதாகக் குளோரைடு பூச்சிட்டேன். நீர் ஆவியாகிக் கரைசல் செறிந்துவிடாதபடி, ஒவ்வொரு தொடுகைக்கும் முன் மின்முனை நுனியிலுள்ள திரவத்தை வடிதாளால் உறிஞ்சி எடுத்தேன். தொடுகைகளுக்கிடையே மூன்று நிமிட இடைவெளி விட்டேன், ஈரக்காற்றும் செலுத்தினேன். வெட்டுக்கிளிகளில் உணவுக்குப் பின் சுவை உறுப்பின் துளை மூடிக்கொள்வது அறியப்பட்டதால், புழுக்களைப் பட்டினியிட்டும் பார்த்தேன். மாற்றமில்லை.

உறுப்பின் நுனித் துளை அடைபட்டிருக்கிறதா, உள்ளிருக்கும் நரம்பணுக்களே செயலிழந்துவிட்டனவா என்பதை அதே உறுப்பில் பிரித்தறிவது எப்படி?